நில அதிர்ச்சிக்கு அசையும், ஆனால் விழாத கோபுரம்

ஜப்பானில் நாரா நகருக்கு அருகே ஹோரியூஜி என்ற பழமையான பௌத்த ஆலயம் உள்ளது. அங்கு செல்லும் பயணிகள் ஐந்து அடுக்கு மரக்கோபுரம் ஒன்றைக் கண்டு வியந்து நிற்பார்கள். அதன் உயரம் சுமார் 32 மீட்டர். வயது ஏறத்தாழ 1300 ஆண்டுகள். உலகில் இன்றும் நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடங்களுள் இதுவும் ஒன்று. 1993ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்வாலயத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

ஜப்பானோ அடிக்கடி நிலம் நடுங்கும் நாடு. அங்கே இவ்வளவு உயரமான மரக்கோபுரம் எப்படி விழாமல் நிற்கிறது?

கோபுரத்தின் நடுவே அடியிலிருந்து உச்சி வரை ஒரு பெரிய தூண் உண்டு. ஜப்பானியர் இதை 'ஷின்பாஷிரா' என்பர். 'நடுத்தூண்' என்று நாம் சொல்லலாம். மர வளையங்களை ஆராய்ந்ததில், இத்தூணுக்கான மரம் கி.பி. 594இல் வெட்டப்பட்டது என்று தெரிய வந்தது. வியப்பு என்னவென்றால், இத்தூண் எந்த அடுக்கையும் தாங்கவில்லை. உச்சியில் உள்ள உலோகக் கலசத்தை மட்டுமே தாங்குகிறது!

அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. மரத்துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கின்றன, இறுக்கமாகப் பிணைக்கப்படவில்லை. நிலம் அதிரும்போது கீழ் அடுக்கு இடப்புறம் சாய்ந்தால், அதன் மேல் அடுக்கு வலப்புறம் சாயும். கோபுரம் பாம்பைப் போல் நெளியும். அப்போது மூட்டுகளில் ஏற்படும் உராய்வு, அதிர்ச்சியின் ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக மாற்றிவிடும். ஓர் அடுக்கு அளவுக்கு மீறி நகர்ந்தால் நடுத்தூணில் மோதித் தடைப்படும் என்பது அறிஞர் சிலரின் கருத்து. தூணின் பங்கு பற்றி வேறு விளக்கங்களும் உண்டு.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஐந்து தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் அடுக்குங்கள். தட்டை ஆட்டினால் அவை சரியும். அடுத்து, தட்டில் களிமண் வைத்து ஒரு பென்சிலை நடுங்கள். பெட்டிகளின் நடுவில் பென்சிலைவிடச் சற்றுப் பெரிய துளையிட்டு, அதில் கோத்து அடுக்கி ஆட்டுங்கள். பெட்டிகள் அசையும், ஆனால் எளிதில் சரியா.

நிக்கோ என்னுமிடத்தில் 1818இல் மீண்டும் கட்டப்பட்ட ஐந்து அடுக்குக் கோபுரம் இன்னும் விந்தையானது. அதன் நடுத்தூண் நான்காம் அடுக்கிலிருந்து சங்கிலிகளால் தொங்குகிறது. அடிப்பகுதி தரையைத் தொடுவதில்லை! காலப்போக்கில் மர அடுக்குகள் உலர்ந்து சுருங்கிக் கீழிறங்கும். தூண் தரையில் நின்றால் கூரைக்கும் தூணுக்கும் இடையே இடைவெளி விழும். தொங்கும் தூணோ கோபுரத்துடன் சேர்ந்து இறங்கும்.

டோக்கியோவில் 2012இல் திறக்கப்பட்ட 634 மீட்டர் உயரமுள்ள ஸ்கைட்ரீ கோபுரத்திலும் நடுவே ஒரு கான்கிரீட் தூண் இருக்கிறது. அதன் மேற்பகுதி வெளிச்சட்டத்துடன் இறுகப் பிணைக்கப்படவில்லை. அதிர்வைத் தணிக்கும் எண்ணெய்க் கருவிகள் இரண்டையும் இணைக்கின்றன. 2011 மார்ச் 11 பெரும் நில அதிர்ச்சியின்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த இக்கோபுரம் விழாமல் நின்றது.

வலிமை என்றால் விறைத்து நிற்பது மட்டுமல்ல. வளைந்து கொடுப்பதும் வலிமையே. இதைப் பழங்காலத் தச்சர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள் அல்லவா?