காற்றும் பெட்ரோலும்

1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. அது உருவாக்கிய பழைய 350 சி.சி. புல்லட் ஒன்று தந்தையார் வழியாக என்னிடம் வந்தது. அதன் கார்புரேட்டரைச் சரிசெய்யும் முறையை இன்று சொல்லுவேன்.

ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டரின் குறுகிய வழியிலே காற்று விரையும்போது அதன் அழுத்தம் குறைகிறது. அதனால் ஜெட் என்னும் நுண்துளை வழியே பெட்ரோல் மேலெழுந்து காற்றோடு கலக்கிறது.

முதலில் எஞ்சினை நன்கு சூடேற்றுக. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடுகையில், காற்றுத் திருகை மெல்ல உள்ளும் வெளியும் திருப்பி, ஓட்டம் சீராகவும் விரைவாகவும் அமையும் இடத்தில் நிறுத்துக. மிகுந்த வேகத்தைத் திராட்டில் திருகால் குறைத்திடுக.

முழு வேகத்தில் கலவையை ஆள்வது மெயின் ஜெட். அதன் பொருத்தத்தை ஸ்பார்க் பிளக் காட்டும். கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி, வெளிறினால் குறைவு, இளம்பழுப்பே நன்று.

இளமையில், பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணிச் சிறுதுளை ஜெட்டைப் பொருத்தினேன். பிளக் வெளிறியதைக் கண்டும் பொருட்படுத்தவில்லை. நெடுஞ்சாலையில் பிஸ்டன் மிகச் சூடேறி இறுகிற்று. பின்சக்கரம் சுழலாது நின்றது. பின்னால் அமர்ந்திருந்த தந்தையாரின் கை முறிந்தது.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அவர் கேட்டது ஒன்றே: "பிளக்கைப் பார்த்தாயா?" பார்த்தேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கருவி காட்டும் சான்றை, நம் விருப்பத்துக்கு மாறானது என்பதற்காகப் புறக்கணியாதீர்கள்.