ஆறு வீடுகளுக்கு ஒரு கோழிக்கூண்டு

நகரத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடும்பங்கள் வாழ்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சும்மா கிடக்கும் ஒரு மூலையைப் பார்த்த ஒருவர், "எல்லோருமாகச் சேர்ந்து கோழி வளர்த்தால் என்ன?" என்கிறார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுநாளே பலகையும் கம்பிவலையும் வாங்கப் புறப்படுகின்றனர். அன்பர்களே, அங்கேதான் சற்று நிற்க வேண்டும். கூண்டு கட்டுமுன் கணக்குப் போடவேண்டும். அதற்கும் முன் மனம்விட்டுப் பேசவேண்டும்.

முதலில் கணக்கு. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முட்டை அளவே இடும். பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஐதராபாத்திலுள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி நிலையத்தார் புழக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய வனராஜா இனம் ஏறத்தாழ 110 முட்டை இடும். அவற்றில் 12 கோழிகள் வளர்த்தால் மாதத்திற்கு 110 முட்டை, வீட்டுக்குப் பதினெட்டு. வளர்ந்த கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீனி தின்னும். கிளறித் தின்னப் புழுவோ தானியமோ இல்லாத நகரத்து முற்றத்தில் மாதம் 40 கிலோ தீனி வேண்டும். எஞ்சிய சோறும் கீரைத்தண்டும் அதில் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. ஆகவே மலிவான முட்டையை எண்ணி இதில் இறங்குவோர் ஏமாறுவர். அடுக்களை மிச்சம் வீணாகாது, செடிகளுக்கு எரு கிடைக்கும், முட்டை எங்கிருந்து வருகிறதென்று பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். இவை போதும் என்போரே பங்கு சேரட்டும்.

அடுத்து இடம். வீட்டுச் சொந்தக்காரரின் இசைவையும் நகராட்சி விதியையும் முன்னதாகவே கேட்டறிய வேண்டும். கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி என்றால், 6 அடி நீளமும் 4 அடி அகலமும் போதும். வெயிலும் சாரலும் நேரே அடிக்காதபடி நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெருச்சாளியும் கீரியும் நகரத்திலும் உண்டு. தரையில் உமியை மூன்று நான்கு அங்குலம் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்வாக வைக்கவேண்டும். ஈரம் சேர்ந்தால் நாற்றம் எழும். அயலாரோடு வரும் முதல் சண்டையும் அதனால்தான். முட்டையிட மூன்று பெட்டிகள் போதும்.

"சேவல் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். சேவலின்றியும் பெட்டை முட்டையிடும். அது பொரிக்காது, அவ்வளவுதான். விடியுமுன் கூவல் கேட்டு எழ விரும்பாத வீடுகளும் உண்டல்லவா!

வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூண்டே காலியாகிவிடும். கால்நடை மருத்துவமனையில் கேட்டு, உரிய வயதில் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். கோழிகள் திடீரென ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தால், குப்பையில் எறியாமல் உடனே மருத்துவருக்குச் சொல்லவேண்டும்.

இவையெல்லாம் எளிது. கடினமானது ஒன்று உண்டு: கிழக்கோழி. இரண்டாம் ஆண்டுக்குப் பின் முட்டை குறையும், தீனி குறையாது. ஒரு வீட்டார் குழம்பு வைக்கலாம் என்பர். அடுத்த வீட்டுச் சிறுமியோ அதற்குப் பெயரிட்டு, மடியில் வைத்துக் கொஞ்சியிருப்பாள். அன்று பேசத் தொடங்கினால் யாராவது மனம் நோவார்கள். எனவே குஞ்சு வாங்குமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வைத்துக்கொள்ள விரும்பும் வீடு அதன் தீனிச் செலவை ஏற்கட்டும். மற்றவை விற்பனைக்கோ சமையலுக்கோ போகட்டும் என்பது என் எண்ணம். வேறு வழி தோன்றினால் அதுவும் சரியே. ஆனால் ஆறு வீட்டாரும் ஒப்பவேண்டும்.

அதையும், காலையில் திறப்பவர் யார், மாலையில் அடைப்பவர் யார், அவர்கள் ஊருக்குப் போனால் முறை யாருக்கு என்பதையும் ஒரு நோட்டில் எழுதி அனைவரும் கையொப்பமிடுங்கள். பங்கு சேராத அண்டை வீட்டாரையும் அன்று அழைத்து, அவர்களுடைய குறையை முதலில் கேளுங்கள். பலகை வாங்க மறுநாள் போகலாம்.