முப்பது வயதில் மீண்டும் மாணவர்

1905-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் பாரிஸ் மாநகரின் அஞ்சற்பெட்டி ஒன்றில் சில கடிதங்கள் விழுந்தன. பெற்றோருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் அவற்றை எழுதியவர் ஆல்பர்ட் சுவைட்சர். மருத்துவம் பயின்று, ஆப்பிரிக்காவின் பூமத்தியரேகைப் பகுதிக்கு மருத்துவராகச் செல்லப் போவதாக அவற்றில் தெரிவித்திருந்தார்.

அப்போது அவருக்கு வயது முப்பது. மெய்யியலில் முனைவர், ஸ்டிராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் விரிவுரையாளர், தூய தோமா இறையியல் கல்லூரியின் முதல்வர், ஆர்கன் இசையிலும் பெயர் பெற்றவர். இவ்வளவையும் விட்டுவிட்டு உடற்கூற்றியல் வகுப்பில் போய் அமர்வதா என்று உற்றாரும் நண்பரும் திகைத்தனர். காதலில் தோல்வியோ என்றுகூடச் சிலர் ஐயுற்றனர்! இசை ஆசான் விதோர், படைத்தலைவன் ஒருவன் துப்பாக்கி ஏந்திப் போர்முனைக்குச் செல்வதற்கு ஒப்பாகும் இது என்று கடிந்து கொண்டார். கிறிஸ்துவின் அன்பு ஒரு மனிதனைப் புதிய பாதையில் இட்டுச் செல்லக்கூடும் என்பதைக் கிறிஸ்தவர்களே உணராததுதான் அவரை மிகவும் வருத்தியது. நம் இல்லத்துப் பிள்ளை ஒருவன் இவ்வாறு கடிதம் எழுதினால் நாம் மட்டும் வேறு விதமாகப் பேசிவிடுவோமா?

இத்தனைக்கும் அது திடீர் முடிவன்று. 1896-இல், தூய ஆவியார் பெருவிழாக் காலத்தில், முப்பது வயது வரை கல்விக்கும் கலைக்கும், அதன்பின் மனிதருக்கு நேரடித் தொண்டு என்று உறுதி பூண்டிருந்தார். 1904-இல் பாரிஸ் மறைபரப்புச் சங்கத்தின் இதழில் காபோன் நாட்டுப் பணித்தளத்துக்கு ஆள் இல்லை என்று படித்தபோது, வழி தெளிவாயிற்று.

மருத்துவத்துறைத் தலைவரோ, இவரை மனநோய் மருத்துவரிடம் அனுப்பவே விரும்பியிருப்பார்! விரிவுரையாளர் அதே பல்கலைக்கழகத்தில் மாணவராக இருக்க விதி இடம் தரவில்லை; அரசின் தனி அனுமதி வேண்டியிருந்தது. பகலில் மருத்துவ வகுப்பு; அதனூடே இறையியல் விரிவுரை, ஞாயிறுதோறும் மறையுரை, நூலெழுத்து. 1906-இல் முதல்வர் பதவியையும் துறந்தார். களைப்பு விடாது துரத்தியது. இளமையின் நினைவாற்றலும் குறைந்திருந்தது. ஆயினும் வரலாற்று ஆய்வின் முடிவற்ற வாதங்களிலிருந்து இயற்கை அறிவியலுக்கு வந்தது, உறுதியான நிலத்தில் கால் வைத்தது போன்ற மகிழ்ச்சியை அளித்தது. 1911-இல் இறுதித் தேர்வு. அதற்கான கட்டணத்தை மியூனிக் இசைவிழாவில் ஆர்கன் வாசித்து ஈட்டினார். அவ்விழாவில் அவர் வாசித்தது, தம்மைக் கடிந்துகொண்ட அதே விதோரின் இசைப்படைப்பு!

1912-இல் அவரை மணந்த ஹெலன் பிரெஸ்லாவும் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரின் மகள். செவிலியர் பயிற்சி பெற்றவர். மருத்துவமனைக்குப் பணம் திரட்ட வீடு வீடாக ஏறி இறங்கினார் சுவைட்சர். பார்க்க வந்தவரல்லர், நன்கொடை கேட்க வந்தவர் என்று தெரிந்ததும் சில வீடுகளில் வரவேற்பின் குரலே மாறிற்றாம். பங்குப் பணிக்கு நிதி திரட்டிய நம்மவர் யாரும் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள். அவருடைய இறையியல் கருத்துக்களை மறைபரப்புச் சங்கத்தார் ஐயுற்றனர். (அவர் லூத்தரன் சபையினர், அக்கருத்துகளில் பலவற்றை நாமும் ஏற்க இயலாது.) மருத்துவராக மட்டுமே வருகிறேன், போதிக்க மாட்டேன் என்று வாக்களித்த பின்னரே வழி விட்டனர்.

1913 மார்ச்சு மாதம், பெரிய வெள்ளியன்று, தம்பதியர் ஊரைவிட்டுப் புறப்பட்டனர். ஏப்ரலில் ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லாம்பரேனேயை அடைந்தபோது மருத்துவமனைக் கட்டடம் இன்னும் எழும்பியிருக்கவில்லை. நோயாளிகளோ வந்து குவிந்துகொண்டிருந்தனர். அங்கிருந்த பழைய கோழிக்கூடு ஒன்றைத் துப்புரவாக்கி, வெள்ளையடித்து, அதிலேயே அவர்களைப் பார்க்கத் தொடங்கினார்.