பழுதான சால்டரிங் ஸ்டேஷனைத் தூக்கிப் போடாதீர்கள்

ஊரார் சாதனங்களைச் சரிசெய்ய உதவும் சால்டரிங் ஸ்டேஷன் தானே பழுதானால், பலர் புதிதுதான் வாங்குகிறார்கள். இது பெரும்பாலும் வீண்செலவு. ஜப்பானின் ஹக்கோ நிறுவனம் தயாரித்த 936-ஐப் பாருங்கள். அதன் தயாரிப்பு நின்றுபோன பின்னும் அதே அமைப்பில் நகல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெட்டிக்குள் இருப்பவை வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரும் சிறிய கட்டுப்பாட்டுப் பலகையும்தான். அவை எளிதில் கெடுவதில்லை. அடிபடுவது கைப்பிடி. மணிக்கணக்கில் கொதிக்கும் செராமிக் ஹீட்டர், அதன்மேல் உறைபோல் மாட்டும் டிப், ஓயாமல் வளைந்து நிமிரும் கேபிள் ஆகிய மூன்றையும் தனித்தனியே மாற்றலாம்.

எது போயிற்று என்று அறிய மல்டிமீட்டர் போதும். ஆறிய நிலையில் 936-இன் ஹீட்டர் 2.5 முதல் 3.5 ஓம், வெப்ப உணரி 43 முதல் 58 ஓம் காட்ட வேண்டும். கேபிளை அசைக்கும்போது அளவு துள்ளினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கைப்பிடியின் கழுத்தருகே. அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீண்டும் இணைத்தால் வேலை முடிந்தது. டிப் கறுத்து ஈயம் ஒட்டவில்லையா? அரம் போட்டுத் தேய்க்காதீர்கள். செம்பின் மேலுள்ள இரும்புப் பூச்சு போய்விட்டால், உருகிய ஈயம் செம்பையே அரித்துவிடும். ஈர ஸ்பாஞ்சில் துடைத்து, ஃப்ளக்ஸ் உள்ள புது ஈயம் பூசிப் பாருங்கள்.

நகல்களுக்கான ஹீட்டர் பொருந்துவதில்லை என்ற குறை நியாயமானதே. ஆனால் காரணம் தெரிந்தால் தவிர்க்கலாம். உருவத்தில் ஒன்றுபோல் இருந்தாலும், சில ஹீட்டர்களில் சூடேறினால் மின்தடை கூடும் உணரி இருக்கும். சிலவற்றில் ஓரிரு ஓம் மட்டுமே காட்டும் தெர்மோகப்பிள் இருக்கும். முதல்வகைக்கான ஸ்டேஷனில் இரண்டாவதை மாட்டினால், டிப் இன்னும் ஆறிக்கிடப்பதாகக் கணித்து அது சூட்டை ஏற்றிக்கொண்டே போகக்கூடும். ஆகவே பழையதை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஹீட்டரும் டிப்பும் ஒன்றாக இணைந்த டி12 போன்றவை விரைவில் சூடாகும் என்பதும் உண்மை; ஆனால் அங்கே முனை தேய்ந்தாலே ஹீட்டரையும் சேர்த்து எறிய வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ ஸ்டேஷன் வாங்கும்போது, ஹீட்டரும் டிப்பும் தனியே கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காது என்றால் அதை வாங்காதீர்கள்.