மலைக்காட்டில் தங்குதல்

மலையிலே கூடாரமிட்டுத் தங்கி மகிழ்தல் உடற்கும் உளத்திற்கும் நலந்தருவதாம். ஆதலின், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைச்சரிவை நாடுதல் மாணவராகிய நமக்கு இயல்பே. ஆயினும், 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், கொழுக்குமலையினின்று அவ்வழியே இறங்கியோரைக் காட்டுத்தீ சூழ, 20 பேருக்கு மேற்பட்டோர் உயிர்நீத்தமை நாம் மறக்கற்பாலதன்று.

தீ அத்துணை விரைவாகப் பரவுதற்குக் காரணம் யாது? மாசி, பங்குனியில் மலைப்புல் உலர்ந்து சருகாகிறது. சூடேறிய காற்று மேலெழுவதால், சரிவின் மேற்புறத்துப் புல் தீ அணுகுமுன்னரே காய்ந்து, தொட்டவுடன் பற்றிக்கொள்கிறது. ஆகவே, மேட்டை நோக்கித் தீ மனிதனினும் விரைந்தோடும். ஒடுங்கிய மலையிடுக்கோ, புகைபோக்கி போன்று, அதனை மேலும் மேலும் இழுக்கும்.

ஆதலால், வனத்துறையின் அனுமதியின்றியும் உலர்காலத்திலும் காடு புகாதிருப்போம். நீருக்கு அணித்தான, புல்லற்ற வெளியிலே கூடாரம் அமைப்போம். அடுப்பை நீரூற்றி அணைத்து, சாம்பல் குளிர்ந்தமையைக் கையால் அறிந்த பின்னரே அவ்விடம் நீங்குவோம். தீயைக் கண்டுழி, சரிவில் மேலேறி ஓடாது, வெறும் பாறைவெளியையோ முன்னரே எரிந்தடங்கிய நிலத்தையோ நாடுவோம்.

மலை நமக்கு விருந்தளிக்கும் இல்லம். விருந்தினர்க்குரிய அடக்கம் நம்பால் இருத்தல் வேண்டும். உடன்வந்தோர் அனைவரும் நலமே வீடு திரும்புதலே அவ்வின்பத்தின் நிறைவாம்.