தவழ்ந்து எரியும் மருந்து

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது, வேட்டித் துணியில் சுருட்டி வைத்த இரண்டு தோட்டாக்கள் கிடைத்தனவாம். பித்தளையின் அடிப்பக்கத்தில் ‘கைநாக்’ என்ற நிறுவனப் பெயரும் ‘.375 மேக்னம்’ என்ற எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. “என் அப்பா டெல் கம்பெனியில் வேலை பார்த்தவர். டெட்டனேட்டர் என்றால் என்னவென்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இந்தத் தோட்டாவுக்குள் இருப்பதும் அதே வெடிமருந்துதானா? மேக்னம் என்றால் இன்னும் பலமாக வெடிக்குமா?” என்று கேட்கிறார்.

டெல் என்று ஊரார் சொல்வது, 1983-இல் அரசு நிறுவனமான டிட்கோவின் முயற்சியில் காட்பாடி அருகே உருவான தமிழ்நாடு வெடிமருந்து நிறுவனத்தை. சுரங்கத்துக்கும் பாறை உடைப்புக்கும் வேண்டிய வெடிமருந்தும் அதைத் தூண்டும் டெட்டனேட்டரும் அங்கே உற்பத்தியாயின. தோட்டாவுக்குள் இருப்பது அந்த இனமே அல்ல. பெயரில் மட்டும்தான் இரண்டும் மருந்து.

பாறைக்கு வைக்கும் மருந்து வெடிக்கிறது. அதிர்ச்சி அலை ஒன்று நொடிக்கு 4,000 மீட்டர் அளவிலான வேகத்தில் மருந்துக்குள் ஊடுருவிப் போக, போகும் வழியெல்லாம் மருந்து வாயுவாகிறது. அந்த மருந்தைக் காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து வேலூர் கோட்டை வரை கயிறாக நீட்டி ஒரு முனையில் வெடிக்கவைத்தால், ஒன்றிரண்டு நொடியில் வெடிப்பு மறுமுனையை எட்டிவிடும். துப்பாக்கி மருந்து வெடிப்பதில்லை, எரிகிறது. குழலுக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போதுகூட, அதன் மேற்பரப்பு உள்நோக்கிக் கரையும் வேகம் நொடிக்குச் சில பத்து சென்டிமீட்டர்தான். தவழும் குழந்தையின் வேகம் அது. அந்த வேகத்தில் வேலூர் கோட்டைக்குப் போய்ச் சேர ஆறு மணி நேரமாவது ஆகும்.

இவ்வளவு மெதுவாக எரிவது எப்படி ஒரு குண்டை நொடிக்கு 800, 900 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது? மருந்தைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக்கி வைத்திருப்பதால்தான். ஒவ்வொரு துணுக்கும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனம். அத்தனை துணுக்குகளும் ஒரே கணத்தில் எல்லாப் பக்கமும் தீப்பிடிக்கின்றன. நெருப்பு தவழ வேண்டிய தூரம் மிகச் சிறியது என்பதால் ஆயிரத்தில் ஒரு நொடியில் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வாசகர்களுக்கு இதை விளக்க நான் வேறெங்கும் போக வேண்டாம். டேனரியில் டிரம்முக்குள் சுற்றும் தோலை நினைத்துக்கொள்ளுங்கள். குரோம் கரைசல் தோலின் மேல்பக்கத்திலிருந்தும் சதைப் பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் உள்ளே இறங்குகிறது. வேலை முடிந்ததா என்று பார்க்க, அனுபவசாலி ஒருவர் தோலின் மிகத் தடித்த இடத்தில், கழுத்துப் பக்கமாக, ஒரு கீற்று வெட்டிப் பார்ப்பார். வெட்டிய விளிம்பு முழுக்க நீலம் பாய்ந்திருந்தால் இறக்கலாம். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும். டிரம்மில் எத்தனை தோல் கிடக்கிறது என்பது பெரிய விஷயமில்லை, கரைசல் அதற்கு ஏற்ற அளவு இருந்தால் போதும். நேரத்தைத் தீர்மானிப்பது தோலின் தடிமன்.

துப்பாக்கி மருந்தும் அப்படியே. இரண்டு பக்கமிருந்தும் நெருப்பு உள்ளே வந்து நடுவில் சந்திக்கிறது. மருந்தின் எடை எவ்வளவு வாயு வரும் என்பதைச் சொல்லும். அது எவ்வளவு நேரத்தில் வரும் என்பதைச் சொல்வது துணுக்கின் சுவர்த் தடிமன். கைத்துப்பாக்கிக்கான மெல்லிய மருந்தை அதே எடையில் ரைபிள் தோட்டாவில் போட்டால், குண்டு நகர ஆரம்பிப்பதற்குள் வாயு முழுவதும் வந்துவிடும். போக இடமில்லாத வாயு துப்பாக்கியையே பிளக்கும். எடை மாறவில்லை, தடிமன்தான் மாறியது.

ஒப்புமையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கிறேன். தோலின் தடிமன் இரட்டித்தால் ஊடுருவும் நேரம் கணக்குப்படி நான்கு மடங்காகும், ஏனென்றால் உள்ளே போகப் போகக் கரைசலின் வேகம் குறைகிறது. மருந்துக்கு இரண்டு மடங்குதான். நெருப்பு தன் பின்னால் எதையும் விட்டுவைப்பதில்லை, அதனால் அதற்கு எப்போதும் புதிய மேற்பரப்புதான். இந்த இடத்தில் தோலும் மருந்தும் பிரிகின்றன. ஆனால் அடுத்த அடியிலேயே மறுபடி சேர்ந்துகொள்கின்றன. பதனிட்ட தோலுக்குக் கடைசியில் ஃபினிஷிங் கொடுப்பதுபோல மருந்துத் துணுக்கின் வெளித்தோலிலும் ஒரு வேதிப்பொருளை ஊறவைக்கிறார்கள். அது ஆரம்ப எரிதலை அடக்கிப் பிடிக்கும். குண்டு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்ட பிறகுதான் நெருப்பு அந்த அடுக்கைத் தாண்டி முழு வீச்சுக்கு வரும்.

இந்த அடக்கிப் பிடித்தல் ஏன் தேவை? அழுத்தம் கூடினால் மருந்து வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் கூடும். ஒன்று மற்றொன்றை ஏற்றிவிடும் இந்தச் சங்கிலியை உடைப்பது குண்டின் நகர்வு மட்டுமே. குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது காற்றழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு. .375 மேக்னத்துக்கு ஐரோப்பியத் தர விதி அனுமதிக்கும் உச்சம் 4,300 பார், அதாவது 4,300 மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு மெல்லிய குச்சியை எரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எரிய எரியக் குச்சி ஒல்லியாகிறது, மேற்பரப்பு சுருங்குகிறது, வாயு வருவது குறைகிறது. ஆனால் குண்டு குழலுக்குள் முன்னேற முன்னேற அதன் பின்னால் இடம் பெருகிக்கொண்டே போகிறது. வாயு கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில் குறைந்தால் தள்ளுதல் தளர்ந்துவிடும். இதைச் சரிசெய்ய வேதியியல் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. குச்சிக்கு நடுவில் ஒரு ஓட்டை போட்டார்கள், அவ்வளவுதான்.

சின்ன வயதில் விரலில் மாட்டிக்கொண்டு தின்ற குழல் அப்பளம் நினைவிருக்கிறதா? ரைபிள் மருந்தின் ஒரு துணுக்கு அதே வடிவம், கேழ்வரகுத் தானிய அளவுக்குச் சுருங்கியது. நிலைமின்சாரம் தேங்காமலிருக்க மேலே பென்சில் கரி பூசியதால் கறுப்பாக மினுங்கும். இந்தக் குழல் வெளியிலும் உள்ளேயும் ஒரே வேகத்தில் எரிகிறது. வெளி ஆரம் 5, உள் ஆரம் 1 என்று கொள்வோம். கூட்டினால் 6. ஒரு படி எரிந்ததும் வெளி 4, உள் 2. கூட்டினால் 6. கடைசியில் வெளி 3, உள் 3. அப்போதும் 6, ஆனால் நடுவில் சுவரே இல்லை. சுற்றளவு ஆரத்தைப் பொறுத்தது என்பதால் எரியும் பரப்பு தொடக்கத்திலிருந்து முடிவு வரை கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது, கடைசிக் கணத்தில் ஒரேயடியாக மறைகிறது. வெளியே இழந்ததை உள்ளே ஈடுகட்டும் இந்தக் கணக்கை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பீரங்கிக்கு ஏழு ஓட்டை போட்ட துணுக்கு உண்டு. அதில் எரிய எரியப் பரப்பு கூடுகிறது.

வரலாற்றையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். புகையில்லாத மருந்தை 1884-இல் பிரான்சில் பால் வியேய் செய்தார். 1889-இல் இங்கிலாந்தில் ஏபலும் டூவரும் கார்டைட்டுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். தங்கள் மருந்தின் நகல் அது என்று நோபல் தரப்பு வழக்குப் போட்டுத் தோற்றது. பிசைந்த மாவை இடியாப்ப அச்சில் பிழிவதுபோலப் பிழிந்து இழைகளாக எடுத்ததால்தான் கார்டைட் என்ற பெயர். நீலகிரி மலை ரயிலில் போகிறவர்கள் பார்க்கும் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. .375 மேக்னம் 1912-இல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்தது.

பழைய .303 கார்டைட் தோட்டாவைப் பிரித்தால் உள்ளே பொடி இருக்காது. பழுப்பு நிறச் சேமியாக் கட்டு ஒன்று பித்தளைக்குள் நின்றுகொண்டிருக்கும். அந்தக் கட்டு தோட்டாவின் குறுகிய கழுத்து வழியாக நுழையாது. எனவே முதலில் நேரான பித்தளைக் குழலில் இழைகளை இறக்கி, அதன் பிறகுதான் கழுத்தை நெருக்கினார்கள்.

கார்டைட்டுக்கு ஒரு குறை இருந்தது. வெயில் ஏறினால் வேகமாக எரியும். இங்கிலாந்துக் குளிரில் சரியாக இருந்த தோட்டா இங்கே சித்திரை வெயிலில் அளவுக்கு மீறிய அழுத்தம் கொடுத்தது, சுட்ட பித்தளை உள்ளேயே இறுகிச் சிக்கியது. புலிக்கு முன்னால் நிற்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைச் சற்றுக் குறைத்த தோட்டாக்களைத் தனியாகத் தயாரித்தார்கள். .375-இன் பித்தளை நீளமாகச் சரிந்து வருவதும் சூட்டில் சிக்காமல் சுலபமாக வெளியே வரத்தான். வெப்ப நாட்டு வெயில்தான் அந்தத் தோட்டாவுக்கு வடிவம் கொடுத்தது என்று சொன்னால் மிகையில்லை.

மேக்னம் என்ற சொல்லுக்கு வருவோம். லத்தீனில் பெரியது என்று பொருள். ஒன்றரை லிட்டர் ஷாம்பெயின் புட்டிக்கு அந்தப் பெயர் உண்டு. இத்தனை அழுத்தம் இருந்தால்தான் மேக்னம், இத்தனை வேகம் இருந்தால்தான் மேக்னம் என்று எந்த வரையறையும் இல்லை. அது விற்பனைப் பெயர். அன்றைய சித்தூர் மாவட்டத்துச் சாமளா பள்ளத்தாக்கில் ஆட்கொல்லிப் புலியைத் தேடியலைந்த கென்னத் ஆண்டர்சனின் துப்பாக்கி .405 வின்செஸ்டர். அதன் பெயரில் மேக்னம் கிடையாது.

பெயரைப் போலவே மருந்தின் எடையைச் சுற்றியும் ஒரு மயக்கம் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேட்டைக்காரர்கள் பலர் தோட்டாவைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். சுட்ட பித்தளையில் தீ மூட்டும் புதிய கேப்பு, நிறுத்துப் போட்ட மருந்து, மேலே குண்டு. மருந்தின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, எந்த எடையில் குண்டுகள் நெருக்கமாக விழுகின்றன என்று தேடுவார்கள். அந்த மந்திர எடையைக் கண்டுபிடித்தால் துப்பாக்கி ஊசி முனையில் அடிக்கும் என்பது அவர்களிடையே ஒரு நம்பிக்கை. இதற்காக 0.1 கிரெயின், அதாவது ஆறரை மில்லிகிராம் வரை நிறுக்கும் தராசுகளை விற்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 கிரெயின் மருந்தில் 0.1 கிரெயின் மாறினால் வேகம் நொடிக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர் மாறும். 300 மீட்டர் தூரத்தில் குண்டு புவியீர்ப்பால் 60, 65 சென்டிமீட்டர் இறங்குகிறது. அதில் இந்த மாற்றம் ஏற்படுத்துவது சுமார் 2 மில்லிமீட்டர். அந்தத் தூரத்தில் நல்ல துப்பாக்கியின் குண்டுகள்கூடச் சில சென்டிமீட்டர் சிதறித்தான் விழும்.

மந்திர எடை எப்படிக் கிடைக்கிறது என்பதும் புள்ளியியல் தெரிந்தவர்களுக்கு விளங்கும். ஒரே மருந்து, ஒரே எடை, ஒரே குண்டு. அதை மூன்று மூன்றாகப் பத்துத் தடவை சுடுங்கள். மிக நெருக்கமாக விழுந்த மூன்றுக்கும் மிக அகலமாக விழுந்த மூன்றுக்கும் இரண்டு, மூன்று மடங்கு வித்தியாசம் தற்செயலாகவே வரும். இப்போது அந்தப் பத்துக்கும் பத்து எடைகளை எழுதி ஒட்டிவிட்டால், ஏதோ ஒரு எடை வெற்றி பெற்றதாகத் தோன்றும். அடுத்த வாரம் அதே எடையில் முப்பது குண்டு சுட்டால் அதன் மகிமை போய்விடும். குழல் அதிர்வதும், அதிர்வு குண்டின் திசையைத் தொடுவதும் உண்மை. ஆனால் மூன்று குண்டில் அதைப் பிடித்துவிட்டேன் என்பவரை நான் நம்ப மாட்டேன்.

துல்லியம் வருவது சீரான தன்மையிலிருந்து. சுவர்த் தடிமன் மாறாத மருந்து, உள்ளளவு ஒத்த பித்தளை, எடையிலும் மையத்திலும் பிசகாத குண்டு, நல்ல குழல். ஒலிம்பிக்கில் .22 ரைபிள் சுடுபவர்கள் தோட்டாவின் பலத்தைக் கூட்டுவதில்லை. துப்பாக்கியைப் பிடிகருவியில் இறுக்கி, வெவ்வேறு தொகுதித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு ஒத்துவரும் தொகுதியை வாங்குகிறார்கள். ஏற்றுமதிக்குப் போகும் தோலை ஷேவிங் மெஷினில் விட்டு, நான்கு மூலையிலும் தடிமன் அளந்து பார்க்கும் ராணிப்பேட்டைத் தொழிலாளிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசகரின் தோட்டாக்களுக்குத் திரும்புகிறேன். அவற்றின் காலத்தைப் பார்த்தால் உள்ளே கார்டைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். குழலின் தேய்மானத்தைக் குறைக்கும் என்று நினைத்துக் கார்டைட்டில் வாசலைன் சேர்த்தார்கள். மருந்து தானாகச் சிதைவதைத் தடுத்தது அதுதான் என்று பின்னால் தெரிந்தது. அந்தக் காப்புப் பொருள் பல பத்தாண்டுகளில் தீர்ந்துபோகும், வெயிலில் காயும் வீட்டுப் பரணில் இன்னும் சீக்கிரம் தீரும். அதன்பின் மருந்து எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அதனால் ஐயா, ஆர்வத்தில் அவற்றைப் பிரித்துப் பார்க்காதீர்கள், கேப்பின் மேல் எதையும் தட்டாதீர்கள், அடுப்பிலோ குப்பை நெருப்பிலோ போடாதீர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் குற்றம், தோட்டா தயாரிப்பதும் குற்றம். கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதி, தோட்டாக்கள் இரண்டையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.