உபயமா, ஒப்பந்தமா? - பாடசாலைக் கூரையும் நமது மின்கட்டணமும்



ஊரில் பாடசாலைக்கு மேசை கதிரை வாங்கிக் கொடுத்தவரின் பெயரை முதுகுப் பக்கத்தில் எழுதி வைப்பார்கள். அது உபயம். கொடுத்தவருக்குப் புண்ணியம், வாங்கியவருக்குக் கதிரை, அத்துடன் கணக்கு முடிந்துவிடும். ஆனால் இங்கே ரொறன்ரோவில் ஒரு நிறுவனம் பாடசாலைக்குள் வரும்போது, அது பெரும்பாலும் உபயமாக வருவதில்லை. ஒப்பந்தமாகவே வருகிறது. இந்த வேறுபாட்டைப் பெற்றார் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தப் பேச்சு.

ஐக்கிய நாடுகள் சபை 2005 முதல் 2014 வரையான பத்தாண்டுகளை நிலைபேறான அபிவிருத்திக்கான கல்விக்கென ஒதுக்கியது. இன்றைய தேவையை நிறைவேற்றும்போது நாளைய பிள்ளைகளின் பங்கைத் தின்றுவிடாமல் வாழக் கற்பதே அதன் பொருள். ஒன்ராறியோ மாகாணமும் 2009 ஆம் ஆண்டு சுற்றாடல் கல்விக்கான கொள்கையொன்றை வெளியிட்டது. சமூகத்துடன் கைகோர்த்துக் கற்பிக்குமாறு பாடசாலைகளுக்கு அது சொன்னது. வணிக நிறுவனங்களும் அந்தச் சமூகத்தில் அடக்கம்.

இப்படியான கூட்டுக்கு நமது நகரத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. 2011 இல் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை, சூரிய மின்சார நிறுவனமொன்றுடன் உடன்பாட்டுக்கு வந்தது. சபையிடம் ஒழுகும் பழைய கூரைகள் இருந்தன, திருத்தப் பணம் போதவில்லை. நிறுவனத்திடம் பணம் இருந்தது, வெயில் படும் பரந்த இடம் இல்லை. ஆகவே நூற்றுக்கணக்கான பாடசாலைகளின் கூரைகளை நிறுவனம் குத்தகைக்கு எடுத்தது. அதற்கு ஈடாகக் கூரைகளைத் திருத்திக் கொடுத்து, அவற்றின்மேல் சூரியத் தகடுகளைப் பொருத்தி, மின்சாரத்தை மாகாணத்துக்கு விற்பது என்பதே ஏற்பாடு.

இதில் நிறுவனத்துக்கு என்ன லாபம்? 2009 ஆம் ஆண்டின் பசுமை எரிசக்திச் சட்டத்தின் கீழ், மாகாணம் 20 ஆண்டுகளுக்கு நிலையான விலை கொடுத்தது. 10 முதல் 250 கிலோவாற் வரையான கூரைத் தொகுதிக்கு அப்போது ஒரு கிலோவாற் மணிக்கு 71.3 சதம். விநியோகக் கட்டணம் தவிர்த்து, நாங்கள் வீட்டு மின்சாரத்துக்குக் கொடுத்த விலையோ சராசரியாக 10 சதத்துக்கும் குறைவு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ரொறன்ரோவில் 100 கிலோவாற் தொகுதி வருடத்துக்கு ஏறக்குறைய 115,000 கிலோவாற் மணி மின்சாரம் தரும். அந்த ஆரம்ப விலையில் அது சுமார் 82,000 டொலர். 20 வருடங்களுக்குப் பெருக்கிப் பாருங்கள். முதலீடு, பராமரிப்பு, வட்டி எல்லாம் அதிலிருந்து கழிக்க வேண்டியவைதான். ஆனாலும் கூரையைத் திருத்திக் கொடுத்தது தருமம் அல்ல என்பது தெரியும்.

இந்தப் பணம் யாருடையது? மேலதிக விலை மாகாணத்தின் மின்பாவனையாளர் அனைவரது பில்லிலும் சேர்ந்தது. 2021 முதல் அதில் பெரும் பகுதியை மாகாண வரிப்பணம் ஏற்கிறது. இரண்டு வேலை செய்து ஸ்காபரோவில் வீட்டுக் கடன் கட்டும் குடும்பமும் இதற்குப் பங்களித்திருக்கிறது. பின்னர் விலைகள் குறைக்கப்பட்டன. அந்தச் சட்டமே 2019 ஜனவரி முதலாம் திகதியுடன் நீக்கப்பட்டது.

அப்படியென்றால் இது கெட்ட ஒப்பந்தமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒழுகாத கூரையும் புகையில்லாத மின்சாரமும் உண்மையான பலன்கள். 1994 இல் அன்றைய ரொறன்ரோ கல்விச் சபை பெப்சி நிறுவனத்துடன் செய்த குளிர்பான ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே விற்பனைப் பொருளுக்கு வாடிக்கையாளராக இருந்தவர்கள் மாணவர்கள். 2011 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த மாகாண உணவுக் கொள்கை, சாதாரண சோடாக்களைப் பாடசாலைகளில் விற்பதையே தடுத்துவிட்டது.

ஆனால் சூரியத் தகடு கூரையில் இருப்பதால் மட்டும் அது கல்வி ஆகிவிடாது. கீழே வகுப்பறையில் இருக்கும் பிள்ளையின் கண்ணுக்கு அது தெரிவதுகூட இல்லை. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் விஞ்ஞான பாடத்தில் மின்சாரம் வருகிறது. தங்கள் கூரை தை மாதத்தில் எவ்வளவு தந்தது, ஆடியில் எவ்வளவு தந்தது என்று மாணவர்களே வரைபடம் போட்டால், அப்போதுதான் அது பாடமாகும். நான் மேலே போட்ட கணக்கையும் அவர்களே போடலாம்.

ஆகவே எந்த நிறுவனம் உங்கள் பிள்ளையின் பாடசாலைக்கு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பாடசாலைக்கு என்ன கிடைக்கிறது? நிறுவனத்துக்கு என்ன கிடைக்கிறது, எத்தனை வருடத்துக்கு? பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள்?

இவற்றைக் கேட்க இடமும் உண்டு. ஒன்ராறியோவில் பொதுக் கல்விச் சபைகளின் ஒவ்வொரு பாடசாலையிலும் பாடசாலை மன்றம் இருக்க வேண்டும், அதில் பெற்றாரே பெரும்பான்மை, வருடத்துக்குக் குறைந்தது நான்கு கூட்டங்கள் நடக்க வேண்டும் என்பது சட்டவிதி. கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை. ஆங்கிலம் சரளமாக வராது என்று ஒதுங்க வேண்டாம். மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அல்லது மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். உபயம் தந்தவரிடம் நாங்கள் கணக்குக் கேட்பதில்லை. ஒப்பந்தக்காரரிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.